விடைக்கோழி முட்டைக்கு வரும்போது

(கிழக்குத் தாம்பரத்தில் வீட்டுத் தோட்டக்காரர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

மாடித் தோட்டத்துக்காரர்கள் கூடும் இடத்தில் கோழிக்கு என்ன வேலை என்று சிலர் நினைக்கலாம். வேலை இருக்கிறது. முடிச்சூர், மண்ணிவாக்கம், மாடம்பாக்கம், அகரம்தென், வேங்கைவாசல் என்று இந்தப் பக்கம் கொல்லைப்புறம் கொஞ்சமாவது மிச்சமிருக்கும் வீடுகளில் நாலு கோழி, ஆறு கோழி வளர்க்கும் ஆசை வந்திருக்கிறது. கால்நடைத் துறையில் காலம் தள்ளிவிட்டு ஓய்வு பெற்றவன் என்பதால் எனக்குத் தொலைபேசி அழைப்புகள் வரும். குஞ்சு வாங்கும்போது யாரும் கூப்பிடுவதில்லை. ஐந்து மாதம் கழித்துத்தான் கூப்பிடுவார்கள். "சார், நல்லாத்தான் தின்னுது, முட்டை மட்டும் போடமாட்டேங்குது." அடுத்த மாதம் அதே வீட்டிலிருந்து இன்னொரு அழைப்பு: "சார், போட்டுடுச்சு, ஆனா கோலிக்குண்டு மாதிரி இருக்கு." அதற்கடுத்த வாரம்: "ஓடே இல்ல சார், தோல் முட்டை. ஏதாவது நோயா?"

இந்த மூன்று கேள்விக்கும் இடைப்பட்ட காலத்தைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். சொல்ல வேண்டியதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: முதல் ஒரு மாத முட்டையை வைத்து ஒரு கோழியை எடை போடாதீர்கள். அந்த மாதத்தில் அது முட்டை இடுவதில்லை. முட்டை இடப் பழகிக்கொண்டிருக்கிறது.

அதற்கு முன்னால் ஒரு சங்கடமான கேள்வி. உங்களிடம் இருப்பது பெட்டைதானா? சிரிக்காதீர்கள். பச்சை, ரோஸ், ஊதா என்று சாயம் ஏற்றி அட்டைப் பெட்டியில் வைத்துத் தெருவில் விற்பார்களே, அந்தக் குஞ்சுகளை எடுத்துக்கொள்ளுங்கள். முட்டைக்கோழிப் பொரிப்பகங்களில் குஞ்சு பொரித்த அன்றே சேவலையும் பெட்டையையும் பிரித்துவிடுவார்கள். பெட்டை நாமக்கல் பக்கத்துப் பண்ணைகளுக்குப் போகும். முட்டை இனத்துச் சேவல் குஞ்சுக்கு அங்கே மதிப்பில்லை; அது சதையும் போடாது. பெரும்பாலும் அதுதான் சாயம் பூசிக்கொண்டு உங்கள் தெருவுக்கு வருகிறது. பிள்ளைகள் அழுகிறார்கள் என்று வாங்கிக் கொடுத்து, பிழைத்த ஒன்றிரண்டை வளர்த்து, ஆறாம் மாதம் முட்டைக்குக் காத்திருந்தால் ஒருநாள் விடியற்காலை நான்கு மணிக்கு அது கூவும். அடுக்ககத்தில் இருந்தால் அன்றே சங்கச் செயலாளரும் கூவுவார்.

பெட்டை என்று உறுதியானால் அடுத்தது இனம். பண்ணையில் வளரும் வெள்ளை லெகார்ன் வழிக் கோழி 18 முதல் 20 வாரத்தில் முட்டைக்கு வந்து, ஆண்டுக்கு 300-ஐத் தாண்டும். அந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டு சிறுவிடை நாட்டுக்கோழியை வளர்த்தால் ஏமாற்றம்தான். நம் சிறுவிடை ஆறு, ஏழு மாதம் எடுத்துக்கொள்ளும். பத்து, பதினைந்து முட்டை இடும், அடைக்கு உட்காரும், பிறகு மறுபடி வரும். ஆண்டுக்கு 60, 80 என்றால் அது நல்ல கோழி. நடுவில் நிற்பவை மேம்படுத்திய புறக்கடை இனங்கள். ஐதராபாத் கோழி ஆராய்ச்சி இயக்ககம் உருவாக்கிய கிராமப்பிரியா, வனராஜா. நம் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் நந்தனம் கோழி. நந்தனம் என்றால் தேனாம்பேட்டைக்கும் சைதாப்பேட்டைக்கும் நடுவில் இருக்கும் அதே நந்தனம்தான். கோழி ஆராய்ச்சி நிலையம் அங்கே இருந்ததால் அந்தப் பெயர். நிலையம் மாதவரத்துக்குப் போன பிறகும் பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. இந்த இனங்கள் ஐந்தரை, ஆறு மாதத்தில் முட்டைக்கு வரும். வாங்குவதாக இருந்தால் வண்டிக்காரரிடம் வாங்காதீர்கள். ஜி.எஸ்.டி. சாலையில் பொத்தேரிக்குப் பக்கத்திலேயே காட்டுப்பாக்கம் கால்நடை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, வேளாண் அறிவியல் நிலையமும் அங்கேயே இருக்கிறது. தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினால் அரைமணி நேரம். போய்ப் பாருங்கள், கேளுங்கள், பயிற்சி நடந்தால் உட்காருங்கள்.

சரி, விடைக்கோழி, அதாவது இன்னும் முட்டை இடாத இளங்கோழி, முட்டைக்கு வரப்போகிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

முதலில் கொண்டை. வெளிறி, காய்ந்த மிளகாய்த் தோல்போல் ஒட்டிக்கிடந்தது சில வாரங்களில் தடித்து, சிவந்து, தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கும். தாடியும் அப்படியே. அடுத்து, நீங்கள் முதுகில் கை வைத்தால் ஓடாமல், இறக்கையை லேசாக விரித்து அப்படியே தரையோடு அமரும். நேற்றுவரை பிடிக்கப் போனால் மதில் ஏறிய கோழி இன்று அமர்ந்துகொடுக்கிறது என்றால் பாசம் வந்துவிட்டதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சேவலுக்கு இணங்கும் நிலை அது. சேவல் இல்லாத வீட்டில் அந்த மரியாதை உங்களுக்குக் கிடைக்கிறது. ஒரு வாரம், பத்து நாளில் முட்டையை எதிர்பார்க்கலாம்.

இன்னும் உறுதியாகத் தெரிய வேண்டுமா? கோழியை இடக்கையில் அணைத்துப் பிடித்துக்கொண்டு, வாலுக்குக் கீழே, எச்சத் துவாரத்துக்கு இரண்டு பக்கமும் தடவிப் பாருங்கள். மெல்லிய குச்சிபோல் இரண்டு எலும்பு முனைகள் தட்டுப்படும். இளங்கோழிக்கு அவற்றுக்கு நடுவில் ஒரு விரல்கூடச் சிரமப்பட்டுத்தான் நுழையும். முட்டைக்கு வந்த கோழிக்கு இரண்டு விரல், மூன்று விரல் தாராளமாக வைக்கலாம். எலும்பு முனையும் இளகிக் கொடுக்கும். துவாரம் அகன்று ஈரமாக இருக்கும். சாலையோரம் கூண்டில் வைத்து "முட்டை போடுற கோழி" என்று விற்பார்களே, அங்கேயும் இந்தச் சோதனையைச் செய்யுங்கள். அலகு நுனி வெட்டப்பட்டு, கொண்டை தொங்கி, கழுத்தில் இறகு இல்லாமல் இருந்தால் அது பண்ணையில் ஒன்றரை ஆண்டு உழைத்து ஓய்ந்து கழிக்கப்பட்டது. அதனிடம் புதிதாக எதிர்பார்க்க ஒன்றுமில்லை.

முட்டை நெருங்கும்போது கோழிக்கு நிலைகொள்ளாது. மூலை மூலையாகத் தலையை நீட்டிப் பார்க்கும். இருட்டு, ஒதுக்கம், மூன்று பக்கம் அடைப்பு, இதுதான் அதற்கு வேண்டும். நீங்கள் ஏற்பாடு செய்யவில்லை என்றால் அதுவே செய்துகொள்ளும். வாஷிங் மெஷினுக்குப் பின்னால், காலித் தொட்டிகளின் இடுக்கில், கவிழ்க்காமல் வைத்த ஹெல்மெட்டில் எல்லாம் முட்டை எடுத்திருக்கிறார்கள். ஒரு முழம் சதுரப் பெட்டியோ பழைய காய்கறிக் கூடையோ போதும், நாலைந்து கோழிக்கு ஒன்று. வைக்கோல் இங்கே கிடைப்பது அரிது. காய்ந்த சருகோ மரத்தூளோ போடுங்கள். தரையிலிருந்து கொஞ்சம் தூக்கி, வெளிச்சம் படாத பக்கம் வையுங்கள். உள்ளே ஒரு பிளாஸ்டிக் முட்டையோ பிங்பாங் பந்தோ போட்டு வைத்தால், "இங்கே ஏற்கெனவே ஒருத்தி இட்டிருக்கிறாள்" என்று மற்றவையும் அங்கேயே வரும். இதை முட்டைக்கு வருவதற்கு இரண்டு, மூன்று வாரம் முன்பே செய்துவிட வேண்டும். கட்டாந்தரையில் முட்டை இட்டுப் பழகிவிட்ட கோழியைப் பெட்டிக்கு மாற்றுவது லேசில்லை. தரையில் விழுந்து உடைந்த முட்டையை ஒருமுறை ருசி பார்த்துவிட்டால் அப்புறம் அது முட்டை குடிக்கிற கோழி.

முதல் முட்டை வந்துவிட்டது. கோழி ஊரைக் கூட்டிக் கொக்கரிக்கும், விடுங்கள். நீங்கள் முட்டையைப் பார்த்தால் மனசு சோர்ந்துவிடும். முப்பத்தைந்து, நாற்பது கிராம் இருந்தால் அதிகம். சில சமயம் மஞ்சள் கருவே இருக்காது. சில சமயம் இரட்டைக் கரு. ஓட்டின்மேல் ரத்தக் கீற்று. ஒரு நாள் தோல் முட்டை, கையில் எடுத்தால் தண்ணீர்ப் பைபோல நெளியும். ஒரு நாள் இரண்டு முட்டை, பிறகு மூன்று நாள் ஒன்றுமே இல்லை. ஏன் இப்படி?

முட்டை எப்படி உருவாகிறது என்று தெரிந்தால் இது புரியும். கோழிக்கு இரண்டு சூலகம் இருக்க வேண்டிய இடத்தில் இடப்பக்கத்து ஒன்றுதான் வேலை செய்கிறது. அங்கே பழுத்த மஞ்சள் கரு விடுபட்டுக் குழாயின் வாய்க்குள் விழுகிறது. கால்மணி நேரம் அங்கே. பிறகு மூன்று மணி நேரத்தில் வெள்ளைக்கரு சுற்றுகிறது. ஒன்றேகால் மணி நேரத்தில் சவ்வு. அதன் பிறகு ஓடு, அதற்கு மட்டும் சுமார் இருபது மணி நேரம். ஆக மொத்தம் ஒரு நாளைக்குச் சற்றுக் கூடுதல், 25, 26 மணி நேரம். முட்டையை இட்டு அரைமணியில் அடுத்த கரு கிளம்பும். அதனால்தான் இன்று காலை ஏழு மணிக்கு இட்ட கோழி நாளை எட்டுக்கு, மறுநாள் ஒன்பதரைக்கு என்று தள்ளிக்கொண்டே போகும். மதியம் தாண்டிப் போனால், அடுத்த கருவை விடுவிக்கிற சுரப்பு இரவு நேரத்தில்தான் எழும் என்பதால், ஒரு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு மறுபடி காலையிலிருந்து தொடங்கும். கோழி ஏமாற்றவில்லை, அதன் நாள் நம் நாளைவிடக் கொஞ்சம் நீளம், அவ்வளவுதான்.

புதிதாக இடத் தொடங்கும் கோழிக்கு இந்த வரிசை இன்னும் படிந்திருக்காது. இரண்டு கரு ஒரே நேரத்தில் விடுபட்டால் இரட்டைக் கரு. கரு வராமலே குழாய் வேலை செய்துவிட்டால் கருவில்லா முட்டை. ஓடு போடும் அறையில் தங்க வேண்டிய நேரம் தங்காமல் வெளியே வந்துவிட்டால் தோல் முட்டை. ஓட்டின்மேல் ரத்தக் கீற்று, குறுகிய வழி முதன்முதலாக அகன்று கொடுப்பதால் வருவது. உள்ளே கருவின்மேல் ரத்தப் புள்ளி இருந்தால் அது குஞ்சு இல்லை, கரு விடுபடும்போது ஒரு ரத்தக்குழாய் கசிந்திருக்கிறது. எடுத்துப் போட்டுவிட்டுச் சமைக்கலாம். நாலைந்து வாரத்தில் எல்லாம் ஒழுங்குக்கு வரும். முட்டை எடையும் வாரத்துக்கு வாரம் ஏறும்.

இடையில் ஒரு அம்மா கேட்டார், "சேவல் இல்லாமல் முட்டை இடுமா?" இடும். சேவல் குஞ்சுக்குத்தான் வேண்டும், முட்டைக்கு வேண்டாம்.

இப்போது ஓட்டுக்கு வருகிறேன். இதில் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும், ஏனென்றால் நம் பகுதியில் கெட்டுப்போவது இங்கேதான். ஒரு முட்டை ஓட்டில் ஏறக்குறைய இரண்டு கிராம் கால்சியம் இருக்கிறது. ஒன்றரைக் கிலோ எடையுள்ள பிராணி நாள்தோறும் இரண்டு கிராமை உடம்பிலிருந்து வெளியே வைக்கிறது. அதற்குத் தயாராகத்தான், முட்டைக்கு வருவதற்கு இரண்டு வாரம் முன்பே கோழி தன் கால் எலும்புக்குள் தனியாக ஒரு சேமிப்பைக் கட்டத் தொடங்குகிறது. ஓடு உருவாவது பெரும்பாலும் இரவில். அந்நேரம் கோழி தீனி எடுக்காது. வயிற்றில் இருப்பு தீர்ந்தால் எலும்பைக் கரைத்து எடுக்கும். அதனால் சாயங்காலம் அடைவதற்கு முன் கிளிஞ்சல் கிடைக்க வேண்டும். மாவாக அல்ல, அரிசிக் குருணை அளவுக்கு நொறுக்கியது. குருணை இரைப்பையில் தங்கி ராத்திரி முழுக்கக் கரையும். மாவு சீக்கிரம் போய்விடும். தீவனக் கடையில் கிளிஞ்சல் கிடைக்கும். தீவனத்தில் கலக்காமல் தனிச் சட்டியில் வையுங்கள், வேண்டியது வேண்டியதைத் தின்னும். வெற்றிலைச் சுண்ணாம்பைக் கரைத்துக் கொடுக்கும் வேலை வேண்டாம், அது வாயையும் குடலையும் அரிக்கும்.

அவசரப்பட்டு மூன்றாம் மாதத்திலேயே முட்டைக்கோழித் தீவனம் போடுபவர்கள் இருக்கிறார்கள், சீக்கிரம் இடட்டும் என்று. வளரும் கோழித் தீவனத்தில் கால்சியம் நூற்றுக்கு ஒன்று. முட்டைத் தீவனத்தில் மூன்றரை முதல் நாலு. அவ்வளவையும் வெளியேற்றி வெளியேற்றி இளங்கோழியின் சிறுநீரகம் கெடும். பதினெட்டு வாரம் வரை பொறுங்கள், அல்லது முதல் முட்டையைப் பார்த்ததும் மாற்றுங்கள்.

அடுத்தது தண்ணீர். மேடவாக்கம், பள்ளிக்கரணை, சேலையூர்ப் பக்கம் போர் தண்ணீரை வாயில் வைத்தால் கரிக்கிற வீடுகள் உண்டு. நாம் கேன் தண்ணீர் குடிக்கிறோம், கோழிக்குப் போர் தண்ணீரை ஊற்றுகிறோம். உப்புத் தண்ணீர் குடிக்கும் கோழியின் முட்டை ஓடு மெலியும் என்று ஆஸ்திரேலியாவில் சிட்னி பல்கலைக்கழகத்தார் 1980-களில் சோதித்துக் காட்டியிருக்கிறார்கள். கிளிஞ்சல் வைத்தும் ஓடு மெல்லிசாகவே வருகிறது என்றால் தீவனத்தைக் குறை சொல்வதற்கு முன் தண்ணீரை மாற்றிப் பாருங்கள். ஆறு கோழிக்கு நாளைக்கு ஒன்றரை, இரண்டு லிட்டர்; கோடையில் அதைப்போல் இரண்டு மடங்கு. பிடித்துவைத்த மழைத்தண்ணீர் இருந்தால் அதைவிட நல்லது இல்லை.

கோடையைப் பற்றிச் சொன்னேன். கோழிக்கு வேர்க்காது, வாயைத் திறந்து இளைக்கும். அக்னி நட்சத்திரத்தில் மதியம் முழுக்க இளைத்தால் ரத்தத்திலுள்ள கரியமில வாயு குறையும். ஓட்டுக்கு வேண்டிய கார்பனேட் அதிலிருந்துதான் வர வேண்டும். ஆகவே மே மாதம் முட்டைக்கு வரும் கோழிக்கு எவ்வளவு கிளிஞ்சல் வைத்தாலும் ஓடு தடிக்காது. தகரக் கூரைமேல் தென்னங்கீற்றைப் போட்டு நனைத்துவிடுங்கள், தீனியைக் காலையிலும் சாயங்காலத்திலும் கொடுங்கள், மோர் வையுங்கள். மொட்டை மாடியில் நிழல் இல்லாத கூண்டில் வளர்ப்பதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன்.

வெளிச்சத்தைப் பற்றி வெளிநாட்டுப் புத்தகங்களில் அத்தியாயம் அத்தியாயமாக இருக்கும். நமக்குச் சுருக்கமாகப் போதும். சென்னையில் மார்கழிப் பகல் பதினொன்றரை மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு, ஆனிப் பகல் பதின்மூன்றுக்குச் சற்றுக் குறைவு. குளிர்நாட்டில்போலக் கோழி மாதக்கணக்கில் நின்றுபோகாது. ஐப்பசி, கார்த்திகையில் வானம் மூடிக்கிடந்து, கூண்டு ஈரமாகி, இறகும் உதிர்ந்தால் முட்டை குறையும், இயல்புதான். வேண்டுமானால் விடியலுக்கு முன் ஒரு பல்பு போடலாம். முட்டைக்கு வராத விடைக்கோழிக்குப் பல்பு போட்டு முடுக்கக் கூடாது. உடம்பு முற்றுமுன் இடத் தொடங்கினால் முட்டைக் குழாய் வெளித்தள்ளும், மற்றக் கோழிகள் சிவப்பைக் கண்டு கொத்திக் கொன்றுவிடும்.

இந்தப் பழகும் காலத்தில் பொறுக்கக் கூடாதவையும் உண்டு. கோழி நெஞ்சை நிமிர்த்தி நின்றுகொண்டு, வாலை இறக்கி, முக்கி முக்கி ஒன்றும் வராமல் தீனி மறுத்தால் முட்டை உள்ளே சிக்கியிருக்கலாம். வெதுவெதுப்பான தண்ணீரில் அடிவயிறு நனைய கால்மணி நேரம் வைத்து, இருட்டில் விடுங்கள். அன்றைக்கே இறங்கவில்லை என்றால் அரசு கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோங்கள். அமுக்கி எடுக்கப் பார்க்காதீர்கள், உள்ளே உடைந்தால் கோழி பிழைப்பது கஷ்டம். இன்னொன்று, எல்லாக் கோழியும் ஒரே வாரத்தில் தோல் முட்டை இட்டு, பச்சையாகவோ வெள்ளையாகவோ கழிந்து, கழுத்தைத் திருகினால் அது பழகும் கோளாறு இல்லை, வெள்ளைக்கழிச்சல். ராணிக்கெட் என்று புத்தகத்தில் இருக்கும். வந்தபின் மருந்தில்லை. ஆண்டுதோறும் பிப்ரவரியில் கால்நடைத் துறை இரண்டு வாரம் இலவசத் தடுப்பூசி முகாம் நடத்துகிறது. குடற்புழு மருந்தையும் தடுப்பூசியையும் முட்டைக்கு வரும் முன்பே முடித்துவிடுங்கள்.

லாபக் கணக்குக் கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரு கோழி நாளைக்கு நூறு, நூற்றுப் பத்து கிராம் தின்னும்; மாதம் மூன்று கிலோவுக்கு மேல். சிறுவிடை மாதத்துக்கு ஐந்தாறு முட்டைதான் சராசரி. கடையில் நாமக்கல் விலைக்கு வாங்குவதோடு போட்டி போட முடியாது. சமையலறை மிச்சமும் தோட்டத்துக் கீரையும் புழுவும் சேர்ந்தால்தான் கட்டுபடியாகும். எச்சம் உங்கள் தொட்டிச் செடிக்கு உரம், அந்த வரவையும் எழுதிக்கொள்ளுங்கள். பழுப்பு ஓடாக இருந்தாலே நாட்டு முட்டை என்று கூடுதல் விலை கொடுப்பவர்கள் இங்கே இருந்தால், பண்ணையிலும் பழுப்பு முட்டை இடும் கோழி உண்டு என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

கடைசியாக அடை. நாட்டுக் கோழி முதல் பத்துப் பன்னிரண்டு முட்டையை இட்டதும் திடீரென்று நிறுத்தி, பெட்டியிலேயே உட்கார்ந்து, கிட்டே போனால் சிலிர்த்துக் கொத்த வரும். நோய் இல்லை. சேவல் இருக்கிறது, குஞ்சு வேண்டும் என்றால் பத்து முட்டையை வைத்து விடுங்கள், 21 நாள். சேவல் இல்லாவிட்டால் அந்த முட்டைகள் கூமுட்டைதான், வெயில் நாளில் வெடித்து நாறும், நாள்தோறும் எடுத்துவிடுங்கள். அடையைத் தெளிய வைக்க மூக்கில் இறகு செருகுவதும் தண்ணீரில் முக்குவதும் பழைய வழக்கம், நான் பரிந்துரைக்க மாட்டேன். அடியில் கம்பி வலை போட்ட, காற்று புகும் கூண்டில் மூன்று நாலு நாள் தீனி தண்ணீரோடு விடுங்கள். அடிவயிற்றில் சூடு ஆறினால் தெளிந்துவிடும். மறுபடி முட்டைக்கு வர இரண்டு மூன்று வாரம் ஆகும். அந்த இடைவெளியில் பெட்டியைக் கழுவி, வெயிலில் காயவைத்து, இடுக்கில் பேன் இருக்கிறதா என்று பார்த்து, உள்ளே சுண்ணாம்பு அடித்துவிடுங்கள். இனி கேள்விகளைக் கேட்கலாம்.